தடுமாறவைக்கும் மாத்திரைகள்

வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 முதல் பெட்டாலிங் ஜெயாவிலும் லெம்பா பந்தாயிலும் வீட்டுக் கதவுகளைத் தட்டினார்கள். அவர்கள் தேடியது 55 வயதைக் கடந்தவர்களை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனத்தாரும் போதிய அளவில் இருக்கும்படி பெயர்களைத் தேர்ந்திருந்தார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். மெலோர் என்று அழைக்கப்படும் இந்த நெடுங்கால ஆய்வில் அவர்களிடம் கேட்ட பல கேள்விகளில் ஒன்று, கடந்த ஓராண்டில் கீழே விழுந்தீர்களா என்பது.

விடை 2018ல் கட்டுரையாக வந்தது. மூன்று இனங்களில் அதிகம் விழுபவர்கள் இந்தியர்கள். வயது, பால், மணநிலை, படிப்பு ஆகியவற்றால் வரும் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தபோதும் அந்த முடிவு மாறவில்லை.

லெம்பா பந்தாய் நமக்குத் தொலைதூர ஊர் இல்லை. பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்து வட்டாரம். ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலுக்கு வரும் மூத்தவர்களைப் போன்றவர்கள்தான் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஏன் இந்தியர்கள் என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் ஒரு தடயம் கண்முன்னே இருக்கிறது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், நாட்டின் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 பேர். இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் இந்த நோய் பாத உணர்ச்சியைக் கொல்கிறது, கண்ணை மங்கவைக்கிறது. கூடவே ரத்தக் கொதிப்பையும் கொழுப்பையும் அழைத்து வருகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் மாத்திரைகள். அந்த மாத்திரைகளில் சில ஆளைத் தள்ளிவிடவும் கூடும் என்பது நம் வீடுகளில் அநேகமாகப் பேசப்படுவதே இல்லை.

அம்மா குளியலறையில் விழுந்துவிட்டால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? “அந்தப் பழைய சிலிப்பரத் தூக்கிப் போடுங்கன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்?” என்பாள் மகள். “தரை ஈரமா இருந்துச்சும்மா, கண்ணு வேற இருட்டிக்கிட்டு வந்துச்சு,” என்பார் தாய். பேச்சு ஈரத்தரைக்கும் சிலிப்பருக்கும் போய்விடும். வயசாகிவிட்டது என்ற முடிவோடு விவகாரம் மூடப்படும். கண் இருட்டியதே, அது ஏன் என்று கேட்பார் இல்லை. குளிர்பெட்டி மேல் தொங்கும் மருந்துப் பையை யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை.

பையில் எத்தனை மாத்திரை என்பதை விட என்ன மாத்திரை என்பதே முக்கியம். இதைக் காட்டிய ஆய்வும் நம் ஊரில்தான் நடந்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், விழுந்தவர்களையும் விழாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர்கள் சாப்பிடும் மருந்துகளை ஒப்பிட்டார்கள். முதியோர் மருத்துவப் பேராசிரியர் தான் மாவ் பின்னும் அவரது குழுவினரும் 2017ல் வெளியிட்ட அந்த முடிவு தெளிவானது. வெறும் எண்ணிக்கையில் அதிக மருந்து சாப்பிடுவதற்கும் விழுவதற்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. விழும் அபாயத்தைக் கூட்டும் வகை மருந்துகள் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்திருந்தால்தான் தொடர்பு தெரிந்தது.

ஆக, எட்டு மாத்திரை சாப்பிடும் ஒரு தாத்தா உறுதியாக நடமாடலாம். மூன்றே மாத்திரை சாப்பிடும் இன்னொருவர் கட்டிலை விட்டு எழும்போதே சாயலாம்.

அந்த வகை மருந்துகள் எவை? ஐரோப்பாவின் 13 நாடுகளைச் சேர்ந்த 51 வல்லுநர்கள் கூடி ஸ்டாப்ஃபால் என்ற பெயரில் 14 மருந்து வகைகளைப் பட்டியலிட்டார்கள். தூக்க மருந்துகள், மனநோய் மருந்துகள், மனச்சோர்வு மருந்துகள், வலிப்பு மருந்துகள், அபின் சார்ந்த வலி மருந்துகள், நீர் மாத்திரைகள், சிலவகைக் கொதிப்பு மருந்துகள், பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் எல்லாம் அதில் உண்டு. பெயர் பயமுறுத்தினாலும் இவற்றில் பல நம் வீட்டு இழுப்பறையில் சாதாரணமாகக் கிடப்பவை.

முதலில் கொதிப்பு மாத்திரையை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக 2018ஆம் ஆண்டின் தேசிய முதியோர் நல ஆய்வு சொல்கிறது. எனவே இது பெரும்பாலான வீடுகளைத் தொடும் விஷயம்.

ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்து நாளத்தில் இருக்கும் நுண்ணிய உணர்விகள் உடனே அதைக் கண்டுகொள்கின்றன. இதயம் வேகம் பிடிக்கிறது, காலில் உள்ள ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் காக்கப்படுகிறது. இளம் வயதில் இவை சில நொடிகளில் நடந்து முடிவதால் நமக்குத் தெரிவதே இல்லை. எழுபது வயதில் அந்த உணர்விகள் மந்தமாகிவிடுகின்றன. பல ஆண்டு நீரிழிவு நரம்புகளையும் கெடுத்திருக்கும். இந்த நிலையில் பிராசோசின் போன்ற மாத்திரை உள்ளே போனால் என்ன ஆகும்? அந்த மருந்தின் வேலையே ரத்தக் குழாய் இறுகாமல் பார்த்துக்கொள்வதுதான். கொதிப்புக்கும் தருகிறார்கள், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தருகிறார்கள். எழுந்து நின்றதும் குழாய் இறுக வேண்டும், மருந்து விடாது. கண் இருட்டுகிறது, முழங்கால் மடங்குகிறது.

நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால் அது நோய்க்குறி என்று மருத்துவம் வரையறுத்திருக்கிறது. கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை அழுத்தம் பார்த்தால் போதும். ஆனால் கூட்டம் அலைமோதும் கிளினிக்கில் உட்கார வைத்து ஒருமுறை பார்ப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது 135 காட்டும் கருவி, நிற்கும்போது 105 காட்டக்கூடும் என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. செலவே இல்லாத இந்தச் சோதனை வழக்கமாகாமல் இருப்பது வருத்தமான விஷயம்.

இதைவிடச் சிக்கலான ஒன்று இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து கொடுப்பது. அந்த மருந்தின் பக்கவிளைவுக்கு மூன்றாவது மருந்து. கனடாவின் பவுலா ரோஷன், அமெரிக்காவின் ஜெரி குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1990களில் இந்தச் சங்கிலிக்குப் பெயரிட்டு விளக்கினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் கிளினிக்கிலும் இது எப்படி நடக்கும் என்று கற்பனை செய்து பார்ப்பது கடினமில்லை.

எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கொதிப்புக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள். நல்ல மருந்து, எங்கும் கிடைப்பது. ஆனால் அது சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். “கால் வீங்கிக்கிட்டே இருக்கு டாக்டர்,” என்று பாட்டி வேறொரு கிளினிக்கில் சொல்கிறார். வீக்கத்தை வடிக்க ஃப்ரூசமைடு என்ற நீர் மாத்திரை வருகிறது. மருந்தால் வந்த அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை சரியாக வேலை செய்யாது. உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் மட்டும் வெளியேற்றும். இப்போது எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. மூன்றாவது கிளினிக்கில் “தலை சுத்துது” என்றதும் ஸ்டெமெடில் எழுதித் தருகிறார்கள். இது மூளையின் டோபமைன் வேலையைத் தடுக்கும் மருந்து. ஓரிரு நாளுக்கு என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் கை நடுங்கும், நடை குறுகும், கால் தரையில் தேய்ந்து வரும். பார்ப்பவர்கள் பார்க்கின்சன் நோய் என்பார்கள். அதற்கும் மருந்து உண்டு. அந்த மருந்தும் ரத்த அழுத்தத்தை இறக்கும்.

மூன்று டாக்டர்களில் எவரும் பெரிய தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் முன்னால் இருந்த ஒரு குறையைத் தீர்க்கப் பார்த்தார்கள். சங்கிலியை முதலிலிருந்து பார்க்க ஆள் இல்லாததுதான் குறை. அம்லோடிபினைக் குறைத்தோ மாற்றியோ இருந்தால் மற்ற மூன்றும் தேவைப்பட்டிருக்காது.

அடுத்தது தூக்கம். கணவன் இறந்த பிறகு தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்த மாத்திரை பத்து வருடமாகத் தொடர்வது நம் குடும்பங்களில் அபூர்வம் இல்லை. டயசெபாம், லோராசெபாம், அல்பிரசோலாம் எல்லாம் ஒரு குடும்பத்து மருந்துகள். இவற்றில் டயசெபாம் பாதியாகக் குறைய இருபது வயது உடம்புக்குச் சுமார் 20 மணி நேரம் போதும். எண்பது வயதில் அதற்குச் சுமார் 90 மணி நேரம் ஆகும். காரணம், வயதாக ஆக உடம்பில் கொழுப்பின் பங்கு கூடி, மருந்து அதில் போய்த் தங்கிவிடுகிறது. திங்கள் இரவு சாப்பிட்டதில் பாதி வெள்ளிக்கிழமை பிற்பகல் வரைக்கும் உடம்பில் இருக்கிறது. இடையில் செவ்வாய், புதன், வியாழன் மாத்திரைகளும் சேர்ந்துவிடுகின்றன. பகலில் தடுமாறும் பாட்டிக்கு ராத்திரி மாத்திரைதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

சளிக்குச் சாப்பிடும் மஞ்சள் பிரிட்டோன் மாத்திரையையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். மருந்தகத்தில் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பதால் அதை மருந்தாகவே பலர் நினைப்பதில்லை. “ஒரு பிரிட்டோன் போட்டா நல்லா தூக்கம் வருது” என்று அதையே தூக்க மாத்திரையாக்கிக்கொண்டவர்களும் உண்டு. மூத்தவர்களுக்கு அது குழப்பத்தையும் மலச்சிக்கலையும் தடுமாற்றத்தையும் தரும். 1991ல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கி, இன்றும் புதுப்பிக்கப்பட்டுவரும் ‘முதியோர் தவிர்க்க வேண்டிய மருந்துகள்’ பட்டியலில் இந்த வகை இருக்கிறது. மலேசிய வல்லுநர்களும் 2023ல் நம் நாட்டு மருந்துப் பழக்கத்துக்கு ஏற்ற பட்டியல் ஒன்றை மால்பிப் என்ற பெயரில் உருவாக்கினார்கள். டிராமடோல், காபாபென்டின் போன்ற வலி மருந்துகளும் மயக்கம் தரக்கூடியவையே; முட்டி வலிக்கு அவற்றை வாங்குபவர்கள் ராத்திரி கழிப்பறைக்கு எழும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு நடப்பது நல்லது.

இனிப்பு நீர் மாத்திரைக்கு வந்தால், மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்து விழும் பயம் குறைவு. கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்றவை வேறு ரகம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கிளிபென்கிளமைடு நெடுநேரம் உடம்பில் நிற்கும். பியர்ஸ் பட்டியலின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்தக் குடும்ப மருந்துகள் எதையும் முதியவர்களுக்கு முதல் தேர்வாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

இது நம் நாட்காட்டியோடு நேராக மோதும் விஷயம். கந்த சஷ்டி, புரட்டாசிச் சனி, தைப்பூசம் என்று விரதம் இருப்பவர்களில் மூத்தவர்களே அதிகம். காலையில் மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, பசியாறாமல் பத்துமலையின் 272 படிகளில் கால் வைப்பவருக்கு நடுவழியில் சர்க்கரை இறங்கலாம். இளையவர்களுக்கு வியர்வையும் நடுக்கமும் முன்னறிவிப்பாக வரும். முதியவர்களுக்கு அவை இல்லாமலே குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். இதயத்துக்காகப் பீட்டா தடுப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் இன்னும் மறைந்துவிடும். விரதத்தை விடச் சொல்லவில்லை. விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் சொல்லி, அன்றைக்கு மட்டும் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளலாம். ரமலான் நோன்புக்கு மலாய் அன்பர்கள் டாக்டரிடம் ஆலோசனை கேட்பது வழக்கமாகியிருக்கிறது. நாமும் கேட்கலாம்.

பிரச்சினையின் இன்னொரு பாதி, மருந்து எத்தனை வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பது. கொதிப்புக்கும் இனிப்புக்கும் அரசாங்கக் கிளினிக். இடுப்பு வலிக்கும் சளிக்கும் தாமானில் இருக்கும் தனியார் கிளினிக். அங்கே டாக்டரே மருந்தும் கொடுத்துவிடுவதால் சீட்டு எழுதும் வழக்கமே குறைவு. கிள்ளானில் தெங்கு கிளானா சாலைப் பக்கம் போனால் எண்ணெயும் லேகியமும். சென்னைக்குப் போய்வந்த தம்பி வாங்கிவந்த அட்டைகள். பெரிய மருத்துவமனையின் இதயப் பிரிவில் ஒரு பட்டியல், எலும்புப் பிரிவில் இன்னொன்று. ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயரில் வந்து இரண்டையும் சாப்பிடுவது இப்படித்தான் நடக்கிறது. உறையில் எச்சரிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு தலைமுறைக்கு அதை வாசிக்கச் சிரமம். தூக்கம் வரவைக்கும், எழும்போது தலை சுற்றவைக்கும் மருந்துகளின் உறையிலாவது நான்கு தமிழ்ச் சொற்களை அச்சிட்டால் என்ன? செய்யக்கூடிய காரியம்தான்.

மூலிகை என்று விற்கப்படும் வலிப் பொடிகளையும் மாத்திரைகளையும் பற்றி ஒரு சொல். பதிவில்லாத சில மரபு மருந்துகளில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முட்டி வலி இரண்டே நாளில் பறந்துவிடும். அதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம். தொடர்ந்து சாப்பிட்டால் தொடைத் தசை கரையும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். விழுவதும், விழுந்தால் உடைவதும் இரண்டுமே எளிதாகிவிடும். எம்.ஏ.எல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இல்லாத பொட்டலத்தை வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது விழுவதைவிடப் பெரிய ஆபத்து. பல ஆண்டு சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். பீட்டா தடுப்பு மருந்தைச் சட்டென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம். கொதிப்பைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் பக்கவாதம் வரலாம். பக்கவாதம் வந்த கால் நிச்சயம் தடுமாறும்.

அமெரிக்காவில் 2015ல் முடிந்த ஸ்பிரிண்ட் ஆய்வில், கொதிப்பை 120க்குக் கீழே கொண்டுவர மருந்து தரப்பட்டவர்களிடையே, 75 வயதைக் கடந்தவர்களில்கூடக் காயம்பட விழுவது கூடவில்லை. கொதிப்பு மருந்து என்றாலே எதிரி என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில். ஆனால் அந்த ஆய்வில் நீரிழிவுக்காரர்களைச் சேர்க்கவில்லை. நின்றால் அழுத்தம் 110க்குக் கீழே போகிறவர்களையும் சேர்க்கவில்லை. நம் வீட்டுத் தாத்தாக்களில் பலர் அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருப்பார்கள்.

மருந்தைக் குறைத்தால் விழுவது உண்மையிலேயே குறையுமா? நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் ஜான் கேம்பல் குழுவினர் 1999ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. தூக்கத்துக்கோ மனதுக்கோ மருந்து சாப்பிட்டுவந்த 93 முதியவர்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்குக் கேப்சூலில் மருந்தின் அளவை 14 வாரத்தில் மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் மருந்தில்லாத கேப்சூல் மட்டும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. விழும் அபாயம் 66 விழுக்காடு குறைந்தது. இவ்வளவு பெரிய பலன் தரும் தலையீடு இந்தத் துறையில் அரிது. ஆனால் ஆய்வு முடிந்த ஒரே மாதத்தில், மருந்தை விட்டவர்களில் 47 விழுக்காட்டினர் மறுபடி அதே மாத்திரைக்குப் போய்விட்டார்கள். உடம்பைவிடப் பழக்கம் பிடிவாதமானது.

கனடாவின் கியூபெக்கில் 2014ல் வெளியான எம்பவர் ஆய்வு வேறு வழியில் போனது. டாக்டரை விட்டுவிட்டு, தூக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கே நேரடியாக ஒரு சிறு கையேட்டை அனுப்பினார்கள். மாத்திரையால் என்ன கெடுதல், படிப்படியாக எப்படிக் குறைப்பது, யாரிடம் பேசுவது என்பதே அதில் இருந்தது. ஆறு மாதத்தில் 27 விழுக்காட்டினர் நிறுத்திவிட்டார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 விழுக்காட்டினர் மட்டுமே. விவரம் தெரிந்த முதியவர் தாமே முடிவெடுப்பார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். தமிழில் இப்படி ஒரு கையேடு கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு மருந்தகத்திலும் இருக்க வேண்டும்.

நம் ஊர் முயற்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மைஃபெய்ட் என்ற பெயரில், ஏற்கெனவே பலமுறை விழுந்த அல்லது விழுந்து அடிபட்ட 268 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மருந்தைச் சீர்பார்த்தல், உடற்பயிற்சி, வீட்டுச் சீரமைப்பு, கண் பரிசோதனை என ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற கவனிப்பு. 2018ல் வந்த முடிவு, விழுவது குறிப்பிடும்படி குறையவில்லை என்பது. இதனால் மருந்தைச் சீர்பார்ப்பது வீண் என்று ஆகாது. பலமுறை விழுந்து பயமும் பலவீனமும் ஏறிய பிறகு தொடங்கும் வைத்தியம் கடினமானது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. முதல் தடுமாற்றத்திலேயே பையைத் திறக்க வேண்டும்.

அதே பேராசிரியர் தான் மாவ் பின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்து, 39 நாடுகளின் 96 வல்லுநர்கள் சேர்ந்து உருவாக்கிய உலக வழிகாட்டி 2022ல் வந்தது. விழுவதைத் தடுக்கும் கவனிப்பில் மருந்துகளை ஆராய்வதும் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்க மூன்று கேள்விகளையும் தருகிறது. கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ நிலைதடுமாறுவதாகத் தோன்றுகிறதா? விழுந்துவிடுவோமோ என்ற கவலை இருக்கிறதா?

கேட்டாலும் நம் முதியவர்கள் உண்மையைச் சொல்வதில்லை என்பதுதான் வேதனை. விழுந்தது தெரிந்தால் பிள்ளைகள் தனியே வெளியே விடமாட்டார்கள், கோயிலுக்குப் போவது நின்றுவிடும், அடுத்தது முதியோர் இல்லம் என்று பயப்படுகிறார்கள். கைமுட்டியில் கன்றிப்போன நீலத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கிறார்கள். 2018ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 14 பேர் ஓராண்டில் விழுந்ததாகச் சொல்கிறது. மறைத்தவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். “ஏம்மா பாத்து நடக்கக் கூடாதா?” என்று அதட்டும் வீட்டில் அடுத்த விழுகை காதுக்கு வராது. “எழுந்திரிக்கும்போது தலை சுத்துச்சாம்மா? அன்னிக்கு என்ன மாத்திரை போட்டீங்க?” என்று கேட்கும் வீட்டில் வரும்.

கேட்டபின் செய்வது பெரிய வேலை இல்லை. வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும் பொட்டலங்களையும் புட்டிகளையும், பிரிட்டோன், லேகியம், சென்னை மாத்திரை உள்பட, ஒரே பையில் போட்டு அரசாங்கக் கிளினிக்கின் மருந்தாளரிடம் கொண்டுபோகலாம். பட்டியலைப் படித்துக் காட்டுவதைவிடப் பொருளையே காட்டுவது மேல். ஒவ்வொன்றும் எதற்கு, இன்னும் வேண்டுமா, எதைக் குறைக்கலாம், எதை இரவிலிருந்து காலைக்கு மாற்றலாம் என்று கேட்க வேண்டும். நீர் மாத்திரையைக் காலையில் போட்டாலே ராத்திரி கழிப்பறைக்கு எழுவது குறைந்துவிடும். குறைப்பதாக முடிவானால் ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும், மெதுவாக, டாக்டரின் கண்காணிப்பில். தனியார் கிளினிக்கிலும் மருந்தின் பெயரை எழுதிக் கேட்டு வாங்கலாம்.

இவற்றில் எதுவும் நடக்காமல் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனவரின் நிலை என்ன? அமெரிக்காவில் எலும்பு முறிந்த மூத்தவர்களின் மருந்துப் பதிவுகளை 2016ல் அலசினார்கள். முறிவுக்கு முந்தைய மாதங்களில், எலும்பையோ நிலையையோ பலவீனப்படுத்தும் மருந்து ஒன்றையாவது சாப்பிட்டவர்கள் முக்கால்வாசிப் பேர். முறிவுக்குப் பிறகு சிலர் நிறுத்தினார்கள், அதே அளவுக்குச் சிலர் புதிதாகத் தொடங்கினார்கள். மொத்தத்தில் ஒன்றும் மாறவில்லை. தட்டும் திருகாணியும் வைத்து எலும்பைச் சேர்த்தவர்கள், விழவைத்திருக்கக்கூடிய மாத்திரையைப் பெரும்பாலும் தொடவில்லை. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையானாலும் கோலாலம்பூர் பொது மருத்துவமனையானாலும், வார்டிலிருந்து பாட்டியை அழைத்து வரும் நாளில் பிள்ளைகளின் கவனம் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் இருக்கும். அன்றைக்குத்தான் மருந்துச் சீட்டை மேசைமேல் வைத்து, இதில் எது அவரை விழவைத்திருக்கும், எதை நிறுத்தியிருக்கிறீர்கள், நிற்கவைத்து பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். பதில் கிடைக்கும்வரை எழுந்துவர வேண்டியதில்லை.